வெள்ளிக் கிண்டிக்கு எத்தனை வயது?

பழைய நகை, பாத்திரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வடசேரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி நகை மதிப்பீட்டாளர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு சின்ன வெள்ளிப் பாத்திரம் இருக்கிறது. நாலரை அங்குல உயரம். முன்னால் அகன்ற மூக்கு, பின்னால் உயர்ந்து வளைந்த பிடி, அடியில் வட்டக் கால். விளிம்பைச் சுற்றி மணி மணியாக இருக்கும். அம்மச்சி அதை வெள்ளிக் கிண்டி என்றுதான் சொல்வார். அம்மச்சியின் முப்பாட்டனார் மிஷன் பங்களாவில் குசினிக்காரராக இருந்தாராம். மிஷனரி மீட் ஐயர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தது, விக்டோரியா ராணி காலத்துச் சாமான் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு கடையில் காட்டினோம், உள்பக்கம் தெரிகிற ஊதா நிழலைப் பார்த்துவிட்டு ஜெர்மன் சில்வர் என்றார்கள். இன்னொரு கடையில் எடை 112 கிராம், பழைய வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். காலின் விளிம்பில் சிங்கம், ஒரு மிருகத்தின் தலை, ஒரு எழுத்து, ஒரு ஆண் தலை எல்லாம் இருக்கிறது. காலுக்கு உள்ளே 3, 14 என்று கத்தி முனையால் கீறியிருக்கிறது. விற்றுப் பங்கு வைக்கலாம் என்கிறார்கள் அண்ணன்மார். என்ன செய்ய? படம் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: முதலில் அண்ணன்மாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அடுத்து, அந்தப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தலைமுறை தலைமுறையாக நல்ல சுத்தக்காரர்கள் கையில் இருந்திருக்கிறது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. காலின் விளிம்பில் ஐந்து முத்திரைகள். நாலைப் படிக்க முடிகிறது, ஐந்தாவது மழுங்கிவிட்டது. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பதும் இதுவும் ஒன்றுதான்: இடம் சுத்தமாகும், படிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஜெர்மன் சில்வர் இல்லை. அசல் இங்கிலீஷ் ஸ்டெர்லிங் வெள்ளி. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. இப்போது நம் கடைகளில் 92.5 என்று எழுதி வைத்து விற்கிறார்களே, அதே மாற்றுதான், அதாவது அதே தரம்தான். அதற்குச் சாட்சி அந்த நடக்கிற சிங்கம். 1544 முதல் லண்டனில் குத்தப்படுகிற முத்திரை அது. உங்கள் சிங்கம் ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பியிருக்கிறது, கவனித்தீர்களா? பக்கத்தில் இருக்கும் மிருகத் தலை, வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்தும் லண்டன் சோதனைச் சாலைக்கு உரிய சிறுத்தைத் தலை. அதன் மேல் கிரீடம் இருக்கிறது. 1821-இல் லண்டன்காரர்கள் சிறுத்தையின் கிரீடத்தை எடுத்துவிட்டார்கள், சிங்கத்தையும் நேர் எதிரே பார்க்க வைத்துவிட்டார்கள். ஆகவே வேறு எதையும் பார்க்காமலே, இது 1821-க்கு முந்தியது என்று சொல்லிவிடலாம்.

இன்னும் நெருக்கமாகச் சொல்ல அந்த எழுத்து இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு எழுத்து என்று லண்டனில் வைத்திருந்தார்கள். ஆங்கில அகரவரிசையில் இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். உங்கள் பாத்திரத்தில் இருப்பது சின்ன 'என்'. சின்ன எழுத்து வரிசை 1776-இல் தொடங்கியது. இடையில் 'ஜே' கிடையாது, அதை விட்டுவிட்டு எண்ணினால் 'என்' 1788-இல் வருகிறது. எழுத்து மாறுவது மே மாதக் கடைசியில். அதனால் 1788 மே கடைசிக்கும் 1789 மே கடைசிக்கும் நடுவில் இது லண்டனில் சோதிக்கப்பட்டது. ஆண் தலை விக்டோரியா ராணி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அது மூன்றாம் ஜார்ஜ், வலது பக்கம் பார்க்கிறார். விக்டோரியா என்றால் இடது பக்கம் பார்ப்பார், அதுவும் 1837-க்குப் பிறகுதான். இந்தத் தலை முத்திரைக்குப் பின்னால் இருப்பது வரி. 1784 டிசம்பரிலிருந்து வெள்ளிச் சாமானுக்கு அவுன்சுக்கு ஆறு பென்ஸ் என்று வரி போட்டார்கள். கட்டியதற்கு ரசீது அந்தத் தலை. 1890-இல் வரியும் போயிற்று, தலையும் போயிற்று.

உள்பக்கத்து ஊதா நிழலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஸ்டெர்லிங்கை அடித்து உருவாக்கும்போது பலமுறை நெருப்பில் காட்டுவார்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் செம்பு காற்றோடு சேர்ந்து கறுத்து, தோலுக்கு அடியில் மேகமாகப் படியும். பழைய இங்கிலீஷ் வெள்ளியில் அது இருப்பது நல்ல அடையாளம். முலாம் பூசிய சாமானில் அந்த நிழல் இருக்காது. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, துளி வெள்ளியும் கிடையாது. அது ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்ததே 1820-களில். உங்கள் கிண்டிக்கு அப்போதே முப்பது வயது தாண்டிவிட்டது.

கடைக்காரர் இன்னும் தலையை ஆட்டினால் உரைகல்லும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். நல்ல தராசு இருக்கிற தட்டாரிடம் கொண்டுபோய், மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக அமிழ்த்தி எடை பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது, பாத்திரம் அடியையும் தொடக் கூடாது. 112 கிராம் ஸ்டெர்லிங் வெள்ளி தண்ணீருக்குள் சுமார் 11 கிராம் குறைந்து காட்டும். அதே எடை ஜெர்மன் சில்வர் என்றால் 13 கிராம் குறையும். ஒரு கீறல் இல்லாமல் சண்டை தீர்ந்துவிடும்.

இப்போது கிண்டி என்ற பேச்சுக்கு வருவோம். பெயர் எப்படியும் இருக்கட்டும், இது சாயாவுக்குப் பால் ஏடு ஊற்றுகிற ஜக். தலைக்கவசத்தைத் தலைகீழாக நிறுத்திய உருவம் என்பதால் ஹெல்மெட் ஜக் என்று பழம்பொருள்காரர்கள் சொல்வார்கள். 1780-களிலும் 90-களிலும் லண்டனில் இது கொள்ளை கொள்ளையாகச் செய்யப்பட்டது. அதற்குக் காரணம் வெள்ளி இல்லை, தேயிலை. அதுவரை இங்கிலாந்தில் தேயிலைக்கு நூற்றுக்கு நூறைத் தாண்டி வரி. பாதித் தேயிலை கள்ளக் கடத்தலில் வந்துகொண்டிருந்தது. 1784-இல் பிரதமர் பிட் அதைப் பன்னிரண்டரை சதவீதமாக வெட்டிவிட்டார். நடுத்தர வீடுகளிலெல்லாம் தேநீர் ஓட ஆரம்பித்தது. தேநீர் வந்தால் பால் ஜக் வேண்டுமே! அதே காலத்தில் வெள்ளியை உருளையில் கொடுத்து மெல்லிய தகடாக இழுக்கும் தொழிலும் பெருகியிருந்தது. குறைந்த வெள்ளியில் பெரிய தோற்றம் காட்டலாம். உங்கள் ஜக் கையில் எடுத்தால் நினைத்ததைவிட லேசாக இருக்கிறது அல்லவா, அது அந்தத் தகடு.

விளிம்பில் மணிக்கோவை, வயிற்றில் சாய்த்து வெட்டிய கொடி வேலை, இரண்டும் அந்தக் காலத்து மோஸ்தர். எங்கள் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் வெள்ளித் தகட்டில்தான் அடித்தளம் கட்டுவார்கள், பிறகு சிவப்புக் கல் பதித்து மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். அந்த வேலைக்குள்ளே வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், இந்தக் கொடியை வெட்டியவன் கை தேர்ந்த கை. உளியைச் சாய்த்து ஒரே இழுப்பில் வெட்டினால் வெட்டின முகம் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். உங்கள் ஜக்கில் பிடிக்குக் கீழே, விரல் புகாத இடத்தில் மட்டும் அந்த மின்னல் மிச்சம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வழுவழு. புளியைத் திட்டுவதற்கு எனக்கு இன்னொரு காரணம்.

மழுங்கிப்போன ஐந்தாவது முத்திரை செய்தவரின் பெயர் எழுத்து. என் கண்ணுக்கு ஒரு நீள்சதுரத்துக்குள் இரண்டு எழுத்து இருந்த தடம் தெரிகிறது, அவ்வளவுதான். ஊகித்துப் பெயர் சூட்டமாட்டேன். இந்தக் காலத்து ஜக் என்றாலே ஹெஸ்டர் பேட்மன் செய்தது என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்த அம்மாள் நிஜமாகவே பெரிய ஆள். கணவர் 1760-இல் இறந்த பிறகு, 1761-இல் தன் பெயர் முத்திரையைப் பதிவு செய்து, பிள்ளைகளோடு பட்டறையை நடத்தி, 1790-இல் ஓய்வு பெற்றார். அவர் முத்திரை சாய்வெழுத்தில் 'எச்', 'பி'. மணிக்கோவை விளிம்பும் அவர் பட்டறைக்குப் பிடித்த வேலை. ஆனால் முத்திரை தெரியாமல் மணியை மட்டும் பார்த்து அவர் பெயரைச் சொல்வது நியாயமில்லை. லண்டனில் அன்றைக்குப் பாதிப் பட்டறைகள் மணி அடித்துக்கொண்டிருந்தன.

மீட் ஐயர் கதை? இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்கு வந்தது 1818-இல். அவருக்கு முன்னால் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயரே 1806-இல்தான் வந்தார். ஜக் செய்தது 1788. அப்போது திருவிதாங்கூரில் தர்மராஜா ஆட்சி, பத்மநாபபுரம்தான் தலைநகர். ஆக, உங்கள் தக்கலைக்குப் பக்கத்து அரண்மனையில் ராஜா இருந்த நாளில் இந்த ஜக் லண்டனில் யார் வீட்டு மேசையிலோ இருந்தது. முப்பது வருஷம் பழகிய சாமானை ஒருவர் கப்பலில் கொண்டுவந்திருக்கலாம், அதில் அதிசயம் இல்லை. ஆனால் ஜக்கின் வயிற்றில், கொடிக்கு நடுவே உள்ள முட்டை வடிவக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே ஒரு 'டபிள்யூ', கீழே 'ஜே', 'எஸ்'. இங்கிலாந்தில் கணவன் மனைவி எழுத்துகளை இப்படி முக்கோணமாக வெட்டுவது வழக்கம்: மேலே குடும்பப் பெயர், கீழே ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள். மீட் குடும்பம் என்றால் மேலே 'எம்' இருக்க வேண்டும்.

அதனால் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. எப்போது, எந்த ஊரில் செய்தது என்று முத்திரை சொல்லும், யார் கை மாறி வந்தது என்று சொல்லாது. வெள்ளைக்காரர்கள் இடம் மாறிப் போகும்போது வீட்டுச் சாமானை ஏலம் விடுவது வழக்கம். மிஷன்காரர்கள், அசம்பு மலையில் காப்பித் தோட்டம் போட்ட துரைமார், பட்டாளத்து அதிகாரிகள் எல்லோரும் ஒருவர் சாமானை ஒருவர் வாங்கியவர்கள்தான். 'டபிள்யூ' வீட்டு ஜக் மீட் ஐயர் பங்களாவுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வீட்டில் பழைய கடிதம், ஞானஸ்நானச் சான்று, முப்பாட்டனாருக்கு எழுதிக்கொடுத்த நற்சான்று ஏதாவது இருந்தால் தேடுங்கள். அம்மச்சி சொன்னதையும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒரு தாளில் எழுதி ஜக்குக்குள்ளே போட்டு வையுங்கள்.

3, 14 எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அது எடை. மூன்று டிராய் அவுன்ஸ், பதினாலு பென்னிவெயிட். இருபது பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ், ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். கணக்குப் போட்டால் 115 கிராம் வருகிறது. கடைக்காரர் சொன்னது 112. மூன்று கிராம் வெள்ளி உங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் அதற்கு முந்தியவர்கள் வீட்டுக் குசினியிலும் கரைந்திருக்கிறது. மூன்று கிராம்தான் என்பது நல்ல செய்தியும்கூட: யாரும் பெரிதாக வெட்டி ஒட்டவில்லை, பிடியை மாற்றவில்லை.

விற்பதா என்றால், உருக்கும் விலைக்கு விற்காதீர்கள். 112 கிராமில் சுத்த வெள்ளி 103 கிராமும் சொச்சமும். அதற்கான பணம் மூன்று பேருக்குப் பங்கு வைத்தால் ஓணத்துக்கு உடுப்பு எடுக்கத்தான் காணும். பழம்பொருளாக அதைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு. அதற்காகப் பொன்மலை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் காலத்து ஜக்குகள் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கின்றன, செய்தவர் பெயர் மழுங்கியதும் விலையைக் குறைக்கும். என் யோசனை: ஒருவர் வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்களுக்கு ஒரு தொகை பேசிக் கொடுக்கட்டும். குசினிக்காரரின் வம்சத்துப் பெண்ணான உங்களிடம் இருந்தால் நல்லது என்பது என் கட்சி, அண்ணன்மார் கோபித்தாலும் சரி.

கேள்வி: எஸ்டேட் பங்களா ஏலத்தில் அப்பா வாங்கிய பால் ஜக்கில் நாலு சின்னக் கேடயங்களுக்குள் 'ஈ', 'பி', 'என்', 'எஸ்' என்று இருக்கிறது. இதுவும் லண்டன் முத்திரையா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: இல்லை. நிக்கல் வெள்ளியின், அதாவது ஜெர்மன் சில்வரின், மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அந்த நாலு எழுத்து. பர்மிங்காம் எல்கிங்டன் கம்பெனி 1840-இல் இந்த முறைக்கு உரிமை வாங்கியது, அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. எழுத்துகளை வேண்டுமென்றே கேடயத்துக்குள் போட்டு, தூரத்தில் பார்த்தால் அசல் முத்திரை என்று தோன்ற வைப்பார்கள். சிங்கம் இல்லை என்றால் மயங்காதீர்கள். விலை பெரிதாக வராது. வீட்டில் விருந்து வந்தால் தைரியமாக எடுத்துப் புழங்குங்கள், அதற்குத்தான் செய்தார்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள இங்கிலீஷ் வெள்ளி ஜக் ஒரு மாதத்துக்குள் கறுத்துவிடுகிறது. கடற்கரை வீடு. பற்பசை, விபூதி, அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது சரி?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: கறுப்பு என்பது அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் கந்தக ஆவியோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் சல்பைடு, அதாவது வெள்ளியே உருமாறி நிற்கிறது. தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அளவு வெள்ளி போகும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: கறுக்காமல் வைப்பது எப்படி?

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முட்டை, வெங்காயம், கம்பளித் துணி, எல்லாவற்றுக்கும் மேலாக ரப்பர். ஜக்கை பிளாஸ்டிக் உறையில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி வைக்கிற பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த ரப்பர் பேண்ட் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்து, பிறகு அது எளிதில் போகாது. செய்தித்தாளில் சுற்றுவதும் வேண்டாம். பலமுறை துவைத்துப் பழசான பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில், ஈரத்தை இழுக்க இரண்டு சாக்பீஸ் துண்டு போட்டு வையுங்கள். அடுக்களை அலமாரியிலும் வேண்டாம், கடல் பக்கத்து ஜன்னலோரத்திலும் வேண்டாம். குளச்சல் காற்றில் உப்பு இருக்கிறது. கறுப்பையாவது எடுத்துவிடலாம், உப்பு வெள்ளியைப் பொத்தல் பொத்தலாக அரித்தால் அதை ஆற்ற வழியில்லை.

எடுத்துப் புழங்கினால் அன்றைக்கே வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டு விரலால் கழுவி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். அடிக்கடி புழங்கும் வெள்ளி பூட்டி வைத்த வெள்ளியைவிடக் குறைவாகவே கறுக்கும்.

பற்பசை வேண்டவே வேண்டாம், அதில் தேய்க்கும் துகள் இருக்கிறது. விபூதியை நானும் குத்துவிளக்குக்குப் போடுகிறேன், ஆனால் கடை விபூதியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு மணல் போதும், கோடு போட்டுவிடும். அப்புறம் அலுமினியத் தாள் வித்தை. அது உண்மையிலேயே வேலை செய்யும். கந்தகம் வெள்ளியை விட்டுவிட்டு அலுமினியத்தோடு போய்ச் சேரும், வெள்ளியும் நஷ்டமில்லை. ஆனால் பூவேலையின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பையும் சேர்த்து உரித்துவிடும். அந்தக் கறுப்பு இருந்தால்தான் வேலைப்பாடு எழுந்து தெரியும். அது போன பிறகு ஜக் அலுமினியப் பாத்திரமாகக் காட்சி தரும். உள்ளே தங்க முலாம் பூசிய ஜக்கை அதில் போடவே கூடாது. மழமழப்பான ஸ்பூன், தட்டு என்றால் செய்துகொள்ளுங்கள், பழைய ஜக்குக்கு வேண்டாம். மிக நயமான சாக் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, பஞ்சில் தொட்டு, முத்திரை இருக்கும் இடத்தைத் தவிர்த்து மெதுவாகத் துடைப்பது போதும், அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை.

கேள்வி: எங்கள் ஜக்கில் சிங்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் வாங்க வந்தவர், இது முதலில் ஜக்கே இல்லை, குடிக்கிற மக், மூக்கு பிறகு வைத்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படியும் செய்வார்களா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: செய்வார்கள். விக்டோரியா காலத்தில் பழைய மக்குகளுக்கும் மூடிக் குவளைகளுக்கும் மூக்கு வைத்து ஜக்காக்குவது ஒரு தொழிலாகவே நடந்தது. மூக்கின் உள்பக்கம் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படியும்போது மூக்கைப் பற்றவைத்த கோடு தனியாகத் தெரியும். மூக்குக்குப் பின்னால் உடம்பில் வட்டமாக வெட்டியிருக்கிறதா, அந்த வெட்டு பழைய பூவேலையை நடுவில் அறுக்கிறதா என்றும் பாருங்கள். இங்கிலாந்துச் சட்டப்படி, மாற்றிச் செய்த சாமானை மறுபடி சோதனைக்குக் கொடுத்து முத்திரை வாங்காமல் விற்க முடியாது. வெள்ளி வெள்ளிதான், எடைக்கு விலை உண்டு. பழம்பொருளாக வாங்குகிறவர் விலகிப் போனது நியாயம்தான்.

மூக்கு ஆடினால் தெருவில் பற்றவைக்கிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் ஈயம் வைப்பார். பிறகு எந்தத் தட்டார் நெருப்பு காட்டினாலும் அந்த ஈயம் வெள்ளிக்குள் இறங்கி ஓட்டை போட்டுவிடும்.

கேள்வி: கொள்ளுப்பாட்டியின் சீதனமாக வந்த வெள்ளிப் பால் ஜக்கில் சுற்றிலும் சாமி உருவங்கள் இருக்கின்றன. அடியில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ்' என்று மட்டும் உள்ளது. சிங்கம் இல்லை. போலியா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: போலி இல்லை. இது மெட்ராஸ் சரக்கு. 1849-இல் தொடங்கி மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் நகையும் விற்ற கம்பெனி அது. உருவம் இங்கிலீஷ் ஜக், உடம்பு முழுக்க நம் தெய்வங்கள். இதை 'சுவாமி' வேலை என்று வெள்ளைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். லண்டனில் இருக்கிறமாதிரி கட்டாயச் சோதனைச் சாலை அப்போது இங்கே கிடையாது, அதனால் சிங்கம் இருக்க நியாயம் இல்லை. கம்பெனி பெயர்தான் உத்தரவாதம். மாற்று என்ன என்று தெரிய வேண்டுமென்றால் ஊடுகதிர் (எக்ஸ்ரே) சோதனைக் கருவி இருக்கும் கடையில் காட்டுங்கள், கீற வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் சுவாமி வேலைக்கு இன்று விரும்பி வாங்குகிறவர்கள் அதிகம், சாதாரண லண்டன் ஜக்கைவிடக்கூட. கொள்ளுப்பாட்டி கெட்டிக்காரி.

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் மகன், வீட்டில் இருக்கும் 1810-ஆம் வருஷத்து லண்டன் ஜக்கைக் கொண்டுவரச் சொல்கிறான். பெட்டியில் வைத்துக் கொடுத்து அனுப்பலாமா?
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளும் கைவினைப் பொருளும் அதில் அடங்கும். அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும்தான், தனியாருக்குக் கிடையாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அது அவர்கள் ஊரிலேயே செய்ததுதானே, திரும்பிப் போகிறது என்று நினைக்கலாம், எனக்கும் அந்த நியாயம் புரிகிறது. ஆனால் சட்டத்தில் இந்தியாவில் செய்த பொருள் என்ற நிபந்தனை இல்லை. வயதுதான் கணக்கு. உங்கள் ஜக்கில் வயது வேறு அழுத்தமாகக் குத்தியிருக்கிறது, விமான நிலையத்தில் வாதாடவும் வழியில்லை.

உங்கள் ஜக்கை வீட்டில் வைத்துக்கொள்வதற்கும், பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கும் தடையில்லை. பழம்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். மகன் லீவுக்கு வரும்போது அதில் பால் ஊற்றிச் சாயா கொடுங்கள். லண்டனில் அவனுக்கு அதே வயதுள்ள ஜக் வாங்கக் கிடைக்கும், நம் ஊரைவிட மலிவாகவும் கிடைக்கலாம்.

படம் அனுப்புகிறவர்களுக்கு: முழு ஜக்கின் படம் எட்டு வேண்டாம், ஒன்று போதும். முத்திரைகளைத்தான் கிட்டத்தில் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போடாமல், காலை வெயில் சாய்ந்து விழும் ஜன்னல் பக்கம் வைத்து, ஒவ்வொரு முத்திரையையும் தனித்தனியாக எடுங்கள். தெளிவாக வரவில்லை என்று தேய்த்துவிட்டு எடுக்காதீர்கள். கிராமில் எடையும், ஸ்கேல் வைத்து அளந்த உயரமும் சேர்த்து எழுதுங்கள்.